தண்ணீரில் போட்டால் கல் எப்படிக் காயும்? பிள்ளைகளை வீடியோ எடுக்க வைத்துப் பாடம் நடத்த ஒரு வழிகாட்டி

முதல் தடவை நாங்கள் சொதப்பிய கதையைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை ஒரு சனிக்கிழமை காலையில் காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் ஆத்தங்குடிக்கு அழைத்துப் போனேன். வீட்டுத் தரையில் பதிக்கும் பூப்போட்ட சிமெண்ட் கல்லைக் கையால் செய்யும் ஊர் அது. அங்கே ஒரு கல் பட்டறையில் 47 நிமிடம் படம் பிடித்தோம். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் பாதிப் படம் நெட்டுக்குத்தாக நிற்கிறது, பாதி படுத்துக் கிடக்கிறது. பேசியது எதுவும் காதில் விழவில்லை. காற்றும், பக்கத்தில் யாரோ மணல் சலித்த சத்தமும்தான் கேட்டன. நடுவில் என் போனுக்கு அழைப்பு வந்ததால் நல்ல காட்சி ஒன்று பாதியில் அறுந்திருந்தது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. திங்கட்கிழமை வகுப்பில், "ஆத்தங்குடிக் கல் எப்படி இறுகுது?" என்று கேட்டேன். போய்வந்த பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. போனுக்குள் படம் ஏறியிருந்தது, பிள்ளைகள் தலைக்குள் எதுவும் ஏறவில்லை.

அன்றிலிருந்து முறையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டு வந்தேன். இப்போது நாங்கள் செய்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னிடம் பெரிய கேமரா கிடையாது. என் போன், அறிவியல் ஆய்வகத்து ஸ்டூல், ஒரு ரப்பர் பேண்ட், இன்னொரு ஆசிரியரிடம் கடன் வாங்கிய பழைய போன் ஒன்று, அவ்வளவுதான். பிள்ளைகள் பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்ற விதி பல பள்ளிகளில் உண்டு. அதனால் ஆசிரியர் போனை நம்பியே திட்டம் போடுங்கள்.

ஒன்றை முதலிலேயே பிரித்துச் சொல்லிவிடுகிறேன். கல்வித் தொலைக்காட்சி 2019-லிருந்து பாட வீடியோக்களை ஒளிபரப்புகிறது. அவை பெரியவர்கள் எடுத்து, பிள்ளைகள் பார்ப்பதற்கானவை. நான் சொல்வது பிள்ளைகளே எடுப்பதை. இதில் முடிந்த வீடியோ சுமாராக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. எழுதும்போதும் பேசும்போதும் அவர்கள் எங்கே திக்குகிறார்களோ அங்கேதான் பாடம் இருக்கிறது. அந்தத் திக்கலை வெளியே கொண்டுவரத்தான் இத்தனை பாடும்.

கேள்வி ஒன்றே ஒன்று

"ஆத்தங்குடிக் கல்" என்பது தலைப்பு. தலைப்பை வைத்துக்கொண்டு போனால் 47 நிமிடக் குப்பைதான் மிஞ்சும். "ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடாமலேயே எப்படி இறுக வைக்கிறார்கள்?" என்பது கேள்வி. இதை வைத்துக்கொண்டு போனால் எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும்.

நல்ல கேள்விக்கு நான் வைத்திருக்கும் சோதனை இது: பதிலில் "ஏனென்றால்" என்ற சொல் வர வேண்டும். "செட்டிநாட்டு வீடுகளில் என்னென்ன இருக்கும்?" என்றால் பட்டியல்தான் வரும். "வளவில் (வீட்டுக்குள் முற்றத்தைச் சுற்றியுள்ள பகுதியில்) கூரையை ஏன் திறந்து விட்டார்கள்?" என்றால் காரணம் சொல்லியே ஆக வேண்டும்.

கேள்வியைப் பாடப் புத்தகத்தில் எந்த இடத்தோடு சேர்க்கப் போகிறீர்கள் என்பதையும் அன்றைக்கே முடிவு செய்யுங்கள். சேராவிட்டால் அது சுற்றுலாதான். தலைமையாசிரியர் அடுத்த முறை அனுமதி தரமாட்டார், அவர் செய்வதும் சரிதான்.

ஐந்து பேர், ஐந்து வேலை

பன்னிரண்டு பேர் ஒரு குழு ஆகாது. ஐந்து பேர் போதும். ஒருவர் எழுத, ஒருவர் பேச, ஒருவர் கேமரா பிடிக்க, ஒருவர் ஒலியைக் கவனிக்க. ஐந்தாவது ஆளுக்கு எங்கள் வகுப்பில் "ஏன் ஆள்" என்று பெயர். மற்றவர்கள் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் "ஏன்?" என்று கேட்பதுதான் அவர் வேலை. வகுப்பில் வாய் ஓயாமல் குறுக்குக் கேள்வி கேட்டுத் திட்டு வாங்கும் பிள்ளை இருக்குமே, அந்தப் பிள்ளைக்கு இந்த வேலையைக் கொடுங்கள்.

வேலைகள் ஒவ்வொரு வீடியோவுக்கும் மாற வேண்டும். விட்டுவிட்டால் கேமரா எப்போதும் பையன் கையிலும், எழுதும் வேலை எப்போதும் பெண்பிள்ளை தலையிலும் போய்ச் சேரும். நான் இரண்டு முறை அதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

எழுதும் இடத்தில் அவசரம் வேண்டாம்

போனைத் தொடுவதற்கு முன் இரண்டு பீரியடாவது இதற்கு ஒதுக்குங்கள். நோட்டுப் பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவதையும் வலப்பக்கம் காதில் விழுவதையும் எழுதச் சொல்லுங்கள். சினிமாக்காரர்கள் பெயர் வைத்த வடிவங்கள் ஆயிரம் இருக்கலாம், நமக்கு இந்தக் கோடு போதும்.

வீடியோ மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். எங்கள் பிள்ளைகள் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்குச் சுமார் 80, 90 சொல் வருகிறது. ஆக மொத்தம் 250 சொல், நோட்டில் இரண்டு பக்கம். 250 சொல்லுக்குள் ஒரு விஷயத்தை அடக்க வேண்டும் என்றால் அது புரிந்திருந்தால்தான் முடியும். புரியாதவர்கள்தான் நீட்டுவார்கள்.

இரண்டாவது முறை ஆத்தங்குடிக் கல்லை எடுத்தபோது நடந்ததைச் சொல்கிறேன். இம்முறை எழுதுவதற்கு முன் நாங்கள் பட்டறைக்குப் போய், போனை எடுக்காமல் வெறுமனே பார்த்துவிட்டு வந்தோம். வேலை நடக்கும் விதம் இப்படி: ஒரு கண்ணாடித் தகடு, அதைச் சுற்றி இரும்புச் சட்டம். கண்ணாடியின் மேல் பூ வேலை செய்த உலோக அச்சை உட்கார வைக்கிறார்கள். அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறக் கலவையைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். சிமெண்டும் நிறப்பொடியும் தண்ணீரும் கலந்து தோசை மாவு பதத்தில் இருக்கும். பிறகு அச்சைத் துளியும் அசையாமல் நேராக மேலே தூக்குகிறார்கள். நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கின்றன. அதன்மேல் உலர்ந்த சிமெண்ட் மணல் கலவையைத் தூவி, அதற்கும் மேல் ஈரச் சாந்தைப் போட்டு மட்டம் செய்கிறார்கள். ஒரு நாள் கழித்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குகிறார்கள். சில நாள் அங்கேயே கிடக்கும். பிறகு எடுத்து உலர்த்தினால் கண்ணாடி தனியாகப் பிரிந்துவிடும், கல் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும்.

குழு எழுதிய முதல் வரைவில் ஒரு வரி இப்படி இருந்தது: "பிறகு கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு நன்றாகக் காய வைப்பார்கள்."

எழுதிய பிள்ளை அதைச் சத்தமாக வாசித்தாள். ஏன் ஆள் கையைத் தூக்கினான்.

"தண்ணிக்குள்ள போட்டா எப்படி டீச்சர் காயும்?"

வகுப்பு சிரித்தது. அவன் கேலிக்குத்தான் கேட்டான். ஆனால் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. (இந்த இடத்தில் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் நமக்குக் கஷ்டமான வேலை.) கடைசியில் பின் பெஞ்சிலிருந்து கொத்தனார் மகள் ஒருத்தி, "எங்கப்பா மாடித் தளம் போட்டாக்கூடப் பாத்தி கட்டித் தண்ணி நிறுத்துவாங்க டீச்சர். காயக் கூடாதுன்னுதான் நிறுத்துவாங்க" என்றாள்.

அவ்வளவுதான், கதவு திறந்துவிட்டது. சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. சிமெண்டில் இருக்கும் கால்சியம் சேர்மங்கள் தண்ணீரோடு வினைபுரிந்து புதிய சேர்மங்களாகி, ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. தண்ணீர் சீக்கிரம் போய்விட்டால் வினை பாதியில் நின்றுவிடும், கல் பொடியும். அதனால்தான் தொட்டி. புத்தகத்தில் நான் எத்தனை முறை நடத்தியிருந்தாலும் இப்படி நின்றிருக்காது.

அதோடு முடியவில்லை. அப்படியென்றால் இங்குள்ள பழைய வீடுகளின் சுவரில் பூசிய சுண்ணாம்பு எப்படி இறுகியது என்று அடுத்த கேள்வி வந்தது. அது தண்ணீரால் ஆவதில்லை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகிறது. ஆய்வகத்தில் சுண்ணாம்பு நீருக்குள் குழாய் வைத்து ஊதிப் பால் போலாக்குவோமே, அதே வினைதான். சுவர் காற்றைக் குடிக்கிறது, தரை தண்ணீரைக் குடிக்கிறது என்று ஒருவன் எழுதினான். அந்த வரியை மட்டும் நான் திருத்தவே இல்லை. முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், பனைவெல்லம் எல்லாம் சுண்ணாம்பில் ஏன் சேர்த்தார்கள் என்ற கேள்வியை இன்னொரு குழு எடுத்துக்கொண்டது.

ஆகவே வரைவை நீங்களே திருத்திக் கொடுத்துவிடாதீர்கள். தப்பான வரிக்குக் கீழே ஒரு கோடு மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். இன்னொன்று: வாசிக்கும்போது புத்தக வாடை அடித்தால், "இதை உன் தம்பிகிட்ட எப்படிச் சொல்லுவ?" என்று கேளுங்கள். பேசும் பகுதி அவர்கள் பேசும் தமிழிலேயே இருக்கட்டும். எழுத்துத் தமிழில் பேச வைத்தால் மனப்பாடம்தான் வெளியே வரும், புரிந்ததா இல்லையா என்று நமக்குத் தெரியாது.

யாரிடமெல்லாம் கேட்க வேண்டும்

பிள்ளைகளின் முகம் படத்தில் வரும் என்பதால் பெற்றோர் எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எங்கே காட்டப் போகிறோம் என்பதையும் அதில் எழுதுங்கள். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லோரையும் குழந்தை என்றே கணக்கில் வைத்து, பெற்றோர் சம்மதத்தைக் கேட்கிறது. என் பழக்கம் இன்னும் எளிது: வகுப்புக்குள் மட்டும் காட்டுவேன், யூடியூபில் ஏற்றுவதே இல்லை. ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முகம் தெரியாமல் கைகளையும் பொருள்களையும் மட்டும் எடுத்துக் குரலைச் சேருங்கள்.

பட்டறைக்காரரிடம் முதல் நாளே போய்க் கேளுங்கள், பிள்ளைகளோடு திடீரென்று போய் நிற்காதீர்கள். ஒரு நாளைக்கு இத்தனை கல் என்று கணக்கு வைத்து உழைப்பவரிடம் "அண்ணே, இன்னொரு தடவை ஊத்துங்க" என்று ஐந்து முறை கேட்பது நியாயமில்லை. அவர் வழக்கமாக வேலை செய்யட்டும், நாம் ஒதுங்கி நின்று எடுக்க வேண்டும்.

பழைய வீடுகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பல பேர், ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஐயா பாவம், சாவியை வைத்திருக்கிறாரே தவிர அனுமதி கொடுக்கும் இடத்தில் இல்லை. அவர் நல்ல மனசோடு திறந்துவிட்டாலும் பிறகு பேச்சு வாங்குவது அவர்தான். வீட்டுக்காரர் யாரையாவது போனில் பிடித்துக் கேட்ட பிறகே உள்ளே போங்கள். சாமி வீடும் பூட்டிய அறைகளும் படத்தில் வரக் கூடாது என்று பிள்ளைகளிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

படம் எடுக்கும் நாள்

காரைக்குடிப் பிள்ளைகளுக்கு ஒரு தைரியம் சொல்வேன். ஏவி. மெய்யப்பன் கோடம்பாக்கத்துக்குப் போவதற்கு முன் 1940-களில் ஸ்டுடியோ நடத்தியது நம்ம காரைக்குடியில்தான். சினிமாவே எடுத்த ஊரில் நமக்கு மூன்று நிமிட வீடியோ எடுக்க வராதா என்ன?

போனைக் கையில் எடுத்ததும் முதல் வேலை லென்ஸைத் துடைப்பது. பாதிப் படம் மங்கலாக வருவதற்குக் காரணம் அதில் ஒட்டிய விரல் எண்ணெய்தான். அடுத்தது ஏரோப்ளேன் மோடு; போட்டுவிட்டால் அழைப்பு வராது. போனைப் படுக்கவைத்துத்தான் எடுக்க வேண்டும். வகுப்பு டிவி படுத்துத்தானே இருக்கிறது. தரம் 1080பி போதும். அதில் ஒரு நிமிடத்துக்கு 100 எம்பிக்கு மேல் பிடிக்கும். 4கே வைத்தால் அதைப்போல மூன்று மடங்கு. இரண்டு மூன்று ஜிபி காலி செய்துகொண்டு கிளம்புங்கள்.

கை ஆடும். ஸ்டூலின் மேல் இரண்டு செங்கல்லை வைத்து, நடுவில் போனைச் செருகி ரப்பர் பேண்டால் கட்டினால் அசையாது. ஸ்டூல் இல்லாத இடத்தில் திண்ணைத் தூணில் முதுகைச் சாய்த்து, முழங்கையை விலாவோடு ஒட்டிப் பிடிக்கலாம். ஒவ்வொரு காட்சியையும் அசைக்காமல் பத்து வினாடி பிடிக்க வேண்டும், மனசுக்குள் பத்து எண்ணச் சொல்லுங்கள். ஜூம் வேண்டாம், கிட்ட வேண்டும் என்றால் நடந்து கிட்டப் போகட்டும். எல்லாவற்றையும் தூரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கைக்கு நெருக்கமாக ஒன்று என மூன்று தடவை எடுத்து வைத்தால் பிறகு வெட்டி ஒட்ட வசதி. அச்சைத் தூக்கும் அந்த ஒரு நொடி, கிட்டத்தில் எடுக்காவிட்டால் வீடியோவே வீண்.

வெளிச்சத்துக்குச் செட்டிநாட்டு வீட்டைப்போல ஒரு ஸ்டுடியோ கிடைக்காது. வளவின் நடுவே வானம் திறந்திருக்கிறது. பேசும் பிள்ளையைத் தாழ்வாரத்து நிழலில் நிறுத்தி, முகம் முற்றத்தைப் பார்த்திருக்கும்படி வையுங்கள். கேமராவின் முதுகு முற்றத்துப் பக்கம் இருக்க வேண்டும். மாற்றி நிறுத்தினால் முற்றம் வெள்ளையாக வெளுத்து, பிள்ளை கறுப்புப் பொம்மையாகத் தெரியும். உச்சி வெயிலில் முற்றத்துக்குள்ளேயே நிறுத்தினால் கண்ணுக்குக் கீழே குழி விழும். காலை ஒன்பதரைக்குள், இல்லை மாலை நாலுக்கு மேல்.

வகுப்பறையில் எடுத்தால் பழைய டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் ஓரமாகப் போங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த விளக்கு வினாடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, போனில் மட்டும் பட்டை பட்டையாக ஓடும். இதையே ஒரு இயற்பியல் பாடமாக்கலாம், நான் ஆக்கியிருக்கிறேன்.

வெளிச்சத்தைக் கொடுக்கும் அதே வீடு ஒலியில் காலை வாரிவிடும். தரை ஆத்தங்குடிக் கல், சுவர் கண்ணாடி மாதிரி இழைத்த சுண்ணாம்பு, உத்தரம் தேக்கு. எல்லாமே வழவழப்பு, பேசினால் குரல் நாலு பக்கமும் மோதித் திரும்பி வரும். முகப்பில் நின்று ஒரு பிள்ளை பேசியதை எடுத்தோம். கோயில் மண்டபத்தில் யாரோ ஓதுவது மாதிரி இருந்தது, ஒரு வரி புரியவில்லை. இதற்கு மூன்று வழி கண்டுபிடித்தோம். ஒன்று, இரண்டாவது போனில் குரல் பதியும் செயலியை ஓடவிட்டு, பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் கீழே பிடிப்பது. படத்தில் தெரியாதபடி நெஞ்சளவில் வைத்தால் போதும். தொடக்கத்தில் ஒரு தடவை கை தட்டச் சொல்லுங்கள், பிறகு படத்தையும் ஒலியையும் சேர்க்க அந்தத் தட்டல்தான் அடையாளம். இரண்டு, பேசுபவரைச் சுற்றிக் கேமராவுக்குத் தெரியாத பக்கங்களில் ஜமுக்காளம் தொங்கவிடுவது. மூன்று, அங்கே பேசவே விடாமல் படத்தை மட்டும் எடுத்துவந்து, குரலை வீட்டில் பதிவது. அதற்கு நான் சொல்லும் உபாயத்தைக் கேட்டுப் பெற்றோர் சிரிக்கிறார்கள்: துணி பீரோவைத் திறந்து, தொங்கும் சேலைகளுக்கு எதிரே உட்கார்ந்து பேசு. ஃபேனை நிறுத்து. குரல் வானொலியில் வருவதுபோல வரும்.

எடுத்த ஒவ்வொரு காட்சிக்கும் எண் போட்டு, ஒலி பார்ப்பவர் நோட்டில் எழுதி வரட்டும். "7, அச்சுத் தூக்குவது, கிட்ட, நல்லா இருக்கு" என்று நாலு சொல் போதும். இதை விட்டால் வெட்டும் நாளில் பாதி நேரம் தேடுவதிலேயே போகும்.

வெட்டி ஒட்டுவது

கைன்மாஸ்டர், இன்ஷாட், விஎன் என்று போனிலேயே வேலை முடிக்கும் செயலிகள் உண்டு. சில இலவசப் பதிப்புகளில் ஓரத்தில் செயலியின் பெயர் விழும், விழுந்தால் விழட்டும். ஆய்வகத்துக் கணினியில் என்றால் ஓப்பன்ஷாட் இலவசம். எதை வைத்தாலும் வேலை ஒன்றுதான்: முதலில் குரலை வரிசையாகப் போடுங்கள், அதன்மேல் படத்தை வையுங்கள். படம் முதலில் என்றால் அழகான காட்சியை விட மனசு வராமல் வீடியோ நீண்டுகொண்டே போகும்.

பக்கம் புரள்வது, நட்சத்திரம் வெடிப்பது எல்லாம் தடை. சினிமாப் பாட்டும் தடை; ஏதாவது ஒரு நாள் வெளியே போட்டால் உரிமைச் சிக்கல் வரும், அதோடு பாட்டு ஓடினால் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள். பட்டறையின் சத்தமே போதும், மணல் சலிக்கும் ஒலிக்கு மேல் என்ன இசை வேண்டும்?

தமிழ் எழுத்தைப் போடும்போது சில செயலிகளில் "கொ", "கௌ" எல்லாம் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறும். நேரத்தை வீணாக்காதீர்கள், எழுதியே எடுத்துவிடுங்கள். எங்கள் குழு தலைப்பைத் தரையில் கோலமாவால் எழுதி மேலிருந்து எடுத்தது. கடைசி எழுத்தை எழுதும் விரல் படத்தில் வந்துவிட்டது. எல்லாவற்றையும்விட அதுதான் நன்றாக இருந்தது.

முடிந்த கோப்பை வாட்ஸ்ஆப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும், ஆவணமாக அனுப்புங்கள். பென்டிரைவில் போட்டு வகுப்பு டிவியில் முதல் நாளே ஓட்டிப் பாருங்கள். சில போன்கள் புதிய வடிவத்தில் சேமிக்கின்றன, பழைய டிவிக்கு அது புரியாது. குரல் மட்டும் வந்து திரை கறுப்பாக நின்றால் அதுதான் காரணம். கோப்பைச் சேமிக்கும் இடத்தில் எம்பி4, எச்.264 என்று தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் ஓடிவிடும்.

போட்டுக் காட்டுவதும் மதிப்பெண்ணும்

போட்டுக் காட்டிக் கைதட்டி அனுப்பிவிட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. நான் நடுவில் நிறுத்துவேன். அச்சு தூக்கியதும் நிறுத்தி, "அடுத்து என்ன செய்வாங்க, ஏன்?" என்று பார்க்கிறவர்களிடம் கேட்பேன். முடிந்த பிறகு குழு முன்னால் வந்து நிற்க வேண்டும். பத்து நிமிடம் வகுப்பு கேள்வி கேட்கும். பேசியது யாரோ ஒருவர் என்றாலும் பதில் சொல்ல ஐந்து பேரில் யாரை வேண்டுமானாலும் கூப்பிடுவேன். கேமரா மட்டும் பிடித்தேன், எனக்குத் தெரியாது என்று தப்பிக்க முடியாது.

20 மதிப்பெண்ணில் நோட்டில் எழுதிய வரைவுகளுக்கு 8 தருவேன். முதல் வரைவும் கடைசி வரைவும் இரண்டும் வேண்டும், நடுவில் என்ன மாறியது என்று பார்ப்பேன். கேள்விக்குப் பதில் சொன்னதற்கு 7. சேர்ந்து வேலை செய்ததற்கு 3. படமும் ஒலியும் சேர்த்து 2 மட்டும்தான். வீட்டில் நல்ல போன் வைத்திருக்கும் பிள்ளை முந்திவிடக் கூடாது என்பதற்காகவே அந்த 2.

முடிந்த வீடியோவை எடுத்த இடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கல் வீடியோவை அந்தப் பட்டறை அண்ணன் என் போனில் நின்றபடியே பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றெல்லாம் சொல்லவில்லை. "பொடி தூவுனதக் காணமே? ஊத்தின ஒடனே சாந்து போடுற மாதிரியில்ல காட்டிருக்கீங்க" என்றார். வெட்டும்போது அந்தக் காட்சி விழுந்துவிட்டிருந்தது, வகுப்பில் நாற்பது பேரும் நானும் பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை. பொடி எதற்கு என்று ஏன் ஆள் கேட்டான். நிறக் கலவையில் மிஞ்சிய தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்ளும் என்றார். அதைச் சேர்த்து இரண்டாம் பதிப்பு செய்தோம்.

தொடங்குவதற்குச் சில கேள்விகள்

கணக்குக்கு: 10 அடிக்கு 12 அடி அறைக்கு 8 அங்குலக் கல் எத்தனை வேண்டும்? (270 என்று யாராவது மனக்கணக்கில் சொன்னால், ஓரத்தில் கரை போட வேறு கல் வேண்டும் என்றால் என்ன ஆகும் என்று கேளுங்கள்.) ஒரே கல்லைத் திருப்பித் திருப்பி வைத்து எத்தனை விதப் பூ வரவைக்கலாம்?

வேதியியலுக்கு: பித்தளைப் பாத்திரத்துக்கு ஏன் ஈயம் பூசுகிறார்கள், புளிக்கும் செம்புக்கும் என்ன பகை? பேச்சில் ஈயம் என்றாலும் பூசுவது வெள்ளீயம். காரீயம் என்று ஒரு பிள்ளையாவது எழுதும், அங்கே நிறுத்துங்கள்.

புவியியலுக்கு: தெருவில் விழும் மழைநீர் எந்த வழியாக ஊருணிக்குப் போகிறது? கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய் மட்டத்தை இரவல் வாங்கி, தெருவின் சரிவைப் பிள்ளைகளே அளக்கலாம்.

வரலாற்றுக்கு: பர்மா தேக்கு இந்த ஊருக்கு எப்படி வந்தது, 1942-க்குப் பிறகு ஏன் நின்றது? இதற்கு வீட்டில் இருக்கும் ஆச்சியிடமும் ஐயாவிடமும் அவர்கள் பெற்றோர் சொன்ன கதைகளைக் கேட்டுப் பதியலாம். பெரியவர்களைப் பேசவிட்டு நடுவில் குறுக்கிடாமல் இருப்பதையும் அப்போதே கற்றுக்கொடுங்கள்.

ஆண்டுக்கு ஒரு வகுப்புக்கு இரண்டு வீடியோவுக்கு மேல் வேண்டாம், பாடம் ஓடாது. முதலாவதை ஜூலையில் ஆரம்பித்துக் காலாண்டுத் தேர்வுக்கு முன் முடித்துவிடுங்கள். பட்டறையைத் தேர்ந்தெடுத்தால் ஐப்பசி மழைக்கு முன்னால் போய்விடுங்கள், வெயில் இல்லாத நாளில் கல் உலர்த்துவதும் இருக்காது, உங்கள் போனுக்கு வெளிச்சமும் இருக்காது.